ஊர் கொடுத்த ரத்தம்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி குணமாகிவிட்டது என்று எங்கள் ஊர் முழுக்க நம்பியது. நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, குணமாக்கியது தாங்கள்தான் என்றும் நம்பியது. அதற்கு எதிராக நான் வாயைத் திறந்தபோதெல்லாம் நன்றி கெட்டவள் என்ற பெயர்தான் கிடைத்தது. அவருடைய வலது காலை மட்டும் பிழைக்கவைத்துவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மனசு ஆறாமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிறந்தது தேவனூர் நாடு, வாக்கப்பட்டது அரியூர் நாடு. இரண்டும் இதே கொல்லிமலைதான் என்றாலும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்தும் இங்கே நான் வெளியூர்க்காரிதான். வீட்டுக்காரருக்கு மிளகுத் தோட்டம், பள்ளத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் மரவள்ளி. சர்க்கரை வந்து ஆறேழு வருஷம் இருக்கும். மாத்திரை போடுவதில் அவருக்கென்று ஒரு நியாயம் வைத்திருந்தார். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் மாத்திரை தேவையில்லை. உடம்பு சரியில்லாத நாளில் மாத்திரை ஒத்துக்கொள்ளாது. இப்படியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கத்துவேன், அவர் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் குரலுக்கு நடுங்கும். வீட்டில் அந்தக் குரலுக்குக் காலணா மரியாதை கிடையாது.

மாசி மாதம் மிளகு பறிப்பு நடந்தபோது அவர் மரத்திலிருந்து விழுந்தார். எங்கள் தோட்டத்தில் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரங்களில்தான் ஏறியிருக்கிறது. ஒற்றை மூங்கிலில் கணு வைத்த ஏணியைச் சாத்தி, அதில் நின்றுகொண்டே பறிப்பார்கள். காலையில் பனி காயும் முன்னே ஏறியிருக்கிறார். ஏணி வழுக்கிவிட்டது. விழுந்த இடத்தில் வெட்டி விட்ட அடிமரக் கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. தொடை எலும்பு முறிந்து, சதையையும் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. ஜீப்பில் போட்டுக்கொண்டு மலையிறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் வண்டி திரும்பும்போது நான் அமுக்கிப் பிடித்திருந்த துண்டிலிருந்து ரத்தம் என் புடவையில் இறங்கியது. ஒரு மனுஷனுக்குள் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிறைய ரத்தம் ஏற்ற வேண்டும், ஆட்களை வரச் சொல்லுங்கள் என்றார்கள். நான் என் மச்சாண்டாருக்குப் போன் செய்தேன். அவர் என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகன், எங்கள் பங்காளிகளுக்குள் மூத்தவர். ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் முதலில் நிற்பவரும் அவர்தான், கடைசியில் போகிறவரும் அவர்தான். பொழுது சாய்வதற்குள் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். இதில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் ரத்தம் கொடுப்பது என்றால் அப்படி ஒரு பயம். போன ரத்தம் திரும்ப ஊறாது, மண்வெட்டி பிடிக்க முடியாமல் போய்விடும் என்பார்கள். அந்தப் பயத்தோடேயே வந்து வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். முகம் வெளுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்தார்கள். அவர்களை நான் திட்டுகிற இடமெல்லாம் இனிமேல் வரும். இதையும் மறக்கவில்லை என்பதற்காகத்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வேன் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஏற்கனவே ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பு வைத்திருந்த ரத்தம். "உங்க ஆளுங்க குடுக்கறதை நாங்க இருப்புல சேர்த்துக்குவோம், அது வேற யாருக்காவது ஆகும்" என்று ரத்த வங்கியில் என்னிடம் சொன்னார்கள். நான் மச்சாண்டாரிடமும் சொன்னேன்.

"எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. குடுத்தது நாங்கதானே?" என்றார்.

அந்த நேரத்தில் அது எனக்கும் சரி என்றுதான் பட்டது. அறுவை சிகிச்சை செய்து தொடைக்குக் கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சர்க்கரைக்கு மாத்திரை போதாது, தினமும் ஊசி போட வேண்டும் என்றார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. யாராவது வந்தால் ஊசியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைக்கச் சொல்வார். ஆம்பளை ஊசியில் ஓடுகிறான் என்று ஊர் சொல்லிவிடுமாம்.

சித்திரை பிறந்த பிறகு எலும்பு கூடிவிட்டதா என்று பார்க்கக் கீழே போக வேண்டியிருந்தது. எனக்குப் பள்ளியில் தேர்வு வேலை. மச்சாண்டார் கூடப் போனார். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. வருகிற வழியில் ஒரு லேபில் சர்க்கரையையும் பார்த்துவிடலாம் என்று நுழைந்திருக்கிறார்கள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டதால் வெறும் வயிற்றில் எடுக்கிற பரிசோதனை செய்ய முடியாது. சாப்பிட்டாலும் எடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது, மூன்று மாத சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். எடுத்தார்கள். ஐந்து புள்ளி எட்டு. போன வருஷம் இதே பரிசோதனையில் அவருக்குப் பத்தை ஒட்டி வந்திருந்தது. ஐந்து புள்ளி எட்டு என்பது சர்க்கரை வியாதி இல்லாதவர்களின் கணக்கு.

சர்க்கரை டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். போகவில்லை. முள்ளுக்குறிச்சியில் பஸ்ஸை விட்டிறங்கி, ஆளுக்கு இரண்டு டீ, தூக்கலாகச் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் மலையேறி வந்துவிட்டார்கள். பஸ் வருவதற்கு முன்பே போன் மூலம் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. நான் பள்ளியிலிருந்து வந்தபோது வாசலில் பத்துப் பேர் நின்றார்கள்.

மச்சாண்டார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "மூணு மாசத்துக் கணக்குங்க இது. நாம ரத்தம் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. நம்ம ரத்தம் உள்ள போனதுல சக்கரை ஓடியே போயிருச்சு. சாமையும் ராகியும் தின்ன ரத்தம்ங்க. கீழ நாட்டான் ரத்தமா இருந்தா இப்படி ஆகுமா?"

யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. ரத்தம் கொடுத்த ஒவ்வொருவரும் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்கள். முதல் ஆளாகக் கை நீட்டியது யார் என்பதில் சின்னச் சச்சரவு கூட நடந்தது. என் வீட்டுக்காரர் அன்று சிரித்த சிரிப்பை நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. அவர் சிரித்தது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மனசுக்குள் ஏதோ இடித்தது. விழுவதற்கு முன்னால் அவர் பத்திலிருந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் நான் பார்க்காத நேரத்தில் வெல்லம் போட்ட காபி குடிக்கிறவர். எப்படி ஐந்து புள்ளி எட்டு?

"ஏனுங்க, எதுக்கும் டாக்டர்கிட்டக் காட்டிட்டு அப்பறம் ஊசிய நிறுத்தலாமுங்க" என்றேன்.

"ஏன், நல்லா இருக்கறது உனக்குப் பிடிக்கலியா?" என்றார்.

ஊசி நின்றது. மாத்திரையும் நின்றது. வைகாசியில் பலாப்பழம் வந்தது. எங்கள் மலைப் பலாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பழத்தை வெட்டினால் தெரு முழுக்க மணக்கும். ரத்தம் கொடுத்த வீடுகளிலிருந்து ஆளுக்கொரு பழமாக வந்து இறங்கியது. வந்தவர்கள் சும்மா போகாமல், அவர் சுளை தின்பதை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். தாங்கள் கட்டிய வீட்டில் விளக்கெரிவதைப் பார்ப்பது மாதிரி அவ்வளவு திருப்தி அவர்கள் முகத்தில். நான் தட்டைப் பிடுங்கினால், "விடு கண்ணு, எங்க ரத்தம் பாத்துக்கும்" என்பார்கள்.

ஆனியில் அவர் இளைக்க ஆரம்பித்தார். தண்ணீர்ச் சொம்பு கையை விட்டு இறங்குவதில்லை. ராத்திரியில் நடுநடுவே எழுந்து கொல்லைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை இருப்பது தெரிந்ததே இப்படித்தான். நான் கேட்டால் அந்த லேப் காகிதத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டுவார். படித்தவள்தானே, படித்துப் பார் என்பார். படித்தவள்தான். ஐந்து புள்ளி எட்டு என்று அதில் தெளிவாகத்தான் இருந்தது. என் கண் பார்ப்பதும் அந்தக் காகிதம் சொல்வதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஊருக்கு நடுவில் நான் ஒருத்தி என்ன செய்வேன்? வாயால் சண்டை போட்டேன். வேறொன்றும் முடியவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மச்சாண்டார் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். எழுந்து நடந்துவிட்டால், ஆடி மாதம் ரத்தம் கொடுத்தவர்களோடு சேர்ந்து கோயிலுக்கு வெறுங்காலில் நடந்து வருகிறோம், வந்து அங்கேயே பொங்கல் வைத்து எல்லாருக்கும் சோறு போடுகிறோம் என்று. எங்கள் பக்கத்தில் வெறுங்கால் என்பது பெரிய விஷயம் இல்லை. விதைப்புக்குப் பிறகு கொல்லையிலும், கதிரடிக்கிற களத்திலும் யாரும் செருப்போடு கால் வைக்க மாட்டார்கள். மண்ணை மிதிக்கப் பழகிய கால்கள். ஆனால் சர்க்கரை முற்றிய காலில் உணர்ச்சி மங்கிவிடும். அது எனக்குத் தெரியும். செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், சாமி கோவித்துக்கொள்ளாது என்று கெஞ்சினேன். ஊர் ஆட்கள் முன்னால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆடியில் அப்படியே கோயிலுக்கு நடந்து போய்விட்டு, மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தார்கள். அவர் வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தைத் தாண்டி அடுக்களை வரைக்கும் வந்து தண்ணீர் கேட்டார். சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் ஒன்று விட்டு ஒன்றாகச் சிவப்பாகக் கால் தடம் பதிந்திருந்தது. நான் பார்த்ததைத் திரும்பி அவரும் பார்த்தார்.

"யாரு காலுல ரத்தம்?" என்று கேட்டார்.

சொம்பை அப்படியே போட்டுவிட்டேன். அவரை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தால், வலது கட்டை விரலுக்கு அடியில் உடைந்த பாட்டில் கண்ணாடி முழுசாக உள்ளே போயிருந்தது. அதன் மேலேயே ஊன்றி எவ்வளவு தூரம் நடந்தாரோ. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் கண்ணாடியைப் பிடுங்கியபோது கூட, "வலிக்கவே இல்லையே, அந்த அளவுக்கு உடம்பு கெட்டிப்பட்டுருச்சு" என்று சிரித்தார். அந்தக் கால் போய்விடும் என்று முதன்முதலாக அப்போதுதான் பயந்தேன். அந்தப் பயம் அப்புறம் என்னை விட்டு அகலவே இல்லை.

அடுத்த நாளே கீழே போகலாம் என்றேன். மச்சாண்டார் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்து கட்டினார். ரத்தம் சுத்தமாக இருக்கும்போது புண் தானாக ஆறிவிடும் என்றார். ஆறவில்லை. ஓரம் வெளுத்து, நடுவில் குழி விழுந்து, வாடை வர ஆரம்பித்தது. நான் என்ன கத்தியும் அவர் அசையவில்லை. அப்புறம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். சர்க்கரை இருக்கிறது என்றால் ஊர் கொடுத்த ரத்தம் பலிக்கவில்லை என்று ஆகிவிடும். பயந்து பயந்து கை நீட்டியவர்களிடம் போய் அதை எப்படிச் சொல்வது? ஒரு கால் அழுகுவது அவருக்கு அதைவிடச் சின்ன விஷயமாகப் பட்டிருக்கிறது. ஆம்பளைகளின் மானம் இருக்கிறதே, அதை எந்த ஆஸ்பத்திரியில் காட்டுவது?

துணை சுகாதார நிலையத்து நர்ஸிடம் போய், விரலில் குத்திப் பார்க்கிற சின்ன மெஷினைக் கேட்டேன். அவர் மெஷினைக் கொடுத்துவிட்டுத் தானும் கூடவே வந்தார். என் வீட்டுக்காரர் விரலை நீட்ட மாட்டேன் என்றார். நான் புருஷன் என்றும் பார்க்காமல் கையைப் பிடித்து இழுத்து வைத்துக் குத்தினேன். நானூற்றுச் சொச்சம் காட்டியது. நர்ஸ் முகம் மாறிவிட்டது.

மச்சாண்டாரும் அங்கேதான் இருந்தார். "மெசின் கெட்டுப்போயிருக்குங்க. பெரிய லேபுல ஒண்ணு சொல்றான், இந்தப் பொட்டி ஒண்ணு சொல்லுது. எங்கே, எனக்குக் குத்திப் பாருங்க" என்று தன் விரலை நீட்டினார்.

குத்தினார்கள். நூற்றுப் பத்து. சாப்பிட்டுவிட்டு வந்த மனுஷனுக்கு நல்ல அளவு. மெஷின் கெடவில்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது, இனி வாயடைத்துவிடும் என்று நினைத்தேன். மச்சாண்டார் குனிந்து மெஷினைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பாத்தியா கண்ணு, என்ற ரத்தத்துல ஒரு குத்தமும் இல்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எழுந்துபோய் ஜீப்புக்குச் சொன்னேன். அவரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு வீட்டைப் பூட்டினேன். என் வீட்டுக்காரரிடம், "நீங்க வந்தா வாங்க, வராட்டி இங்கயே கெடந்து அழுகுங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. கட்டை விரலும் அதற்கு அடுத்த விரலும் அதற்குள் கறுத்துவிட்டிருந்தன. அதை அவரும் பார்த்திருந்தார். காலை இழுத்துக்கொண்டு வந்து ஏறினார்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர். புண்ணைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார், நான் நீட்டிய லேப் காகிதத்தைப் பார்த்தார். "இதை நம்பியா ஊசியை நிறுத்தினீங்க? இதுக்கு முன்னால ஏதாவது ரத்தம் ஏத்தினாங்களா?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

பிறகு என்னைத் தனியாக உட்காரவைத்து விளக்கினார். ரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுப்பது ஹீமோகுளோபின். அது சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போய் இந்த ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை அதிகமாக ஓடினால் அதிகமாக ஒட்டும். ஒட்டியது பிறகு விடுவதில்லை. அந்த அணு செத்துப்போகிற வரைக்கும், சுமாராக நான்கு மாதம், அதோடேயே சுற்றிக்கொண்டிருக்கும். நூற்றுக்கு எத்தனை பங்கில் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. கேட்கக் கேட்க எனக்குப் பலாப்பால்தான் ஞாபகம் வந்தது. கையில் பட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது. எத்தனை பழம் உரித்தோம் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"அப்ப இவருக்கு ஏன் கம்மியா காட்டுச்சுங்க?" என்றேன்.

"அவர் ரத்தம் எங்கம்மா இருந்துச்சு? விழுந்தப்போ பாதிக்கு மேல கொட்டிப்போச்சு. சர்க்கரை ஒட்டியிருந்த பழைய ரத்தம் அது. அதுக்குப் பதிலா ஏத்தினது சர்க்கரை இல்லாதவங்க ரத்தம். மீதிக்கு அவர் உடம்பு புதுசா உண்டாக்குன அணுக்கள். புது அணுவுல சர்க்கரை ஒட்ட நாள் வேணாமா? நீங்க அளந்தது இவர் சர்க்கரையை இல்லை. ரத்தம் கொடுத்த யாரோ நாலஞ்சு பேரோட சர்க்கரையை."

எங்கள் ஊர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் என்னைக் கொன்றது. அந்த எண் நல்ல எண்தான். அது அடுத்தவர்களின் நல்லது. அவருடைய சர்க்கரை அந்த நல்ல ரத்தத்தின் மேலும் தினம் தினம் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"இப்ப அந்த ரத்தம்?"

"மாசியில ஏத்தினது இந்நேரம் செத்துப்போயிருக்கும். இப்ப இருக்கிறது முழுக்க அவரோடதுதான்."

அதே பரிசோதனையை மறுபடி எடுத்தார்கள். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வந்தது. கட்டை விரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்து அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னார். புண் இன்னும் மூடவில்லை. சர்க்கரையைப் பிடித்து நிறுத்தினால் மீதிக் கால் தப்பிக்கும். தினமும் ஊசி, விடாமல். ஊருக்குப் போய் மறுபடி நிறுத்தினால் அடுத்தது பாதம், அதற்கடுத்து முழங்கால். அவர் தலையாட்டினார். எந்த விஷயத்துக்கும் அவர் இப்படித் தலையாட்டுவார் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சாண்டாரும் பங்காளிகளும் பார்க்க வந்தார்கள். கையில் வாழைப்பழச் சீப்பு. கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மச்சாண்டார்தான் குனிந்து கட்டைப் பார்த்தார். அந்த மனுஷன் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"எங்க ரத்தம் என்ன ஆச்சு சாமி?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். குற்றவாளி கேட்கிற மாதிரி இருந்தது அந்தக் கேள்வி.

என் வீட்டுக்காரர் என்னிடமிருந்து கேட்டு வைத்திருந்ததை அவருக்குச் சொன்னார். "உங்க ரத்தம் இருந்த வரைக்கும் நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு. அது நாலு மாசந்தான் உசுரோட இருக்குமாம். அது முடிஞ்சதும் என்ற ரத்தம் வந்துருச்சு. அதுலதான் சக்கரை."

அவர்களுடைய மனசு நோகக்கூடாது என்று சொன்னார். அது எனக்குப் புரிந்தது. ஆனால் மச்சாண்டாரின் முகம் சட்டென்று தெளிந்துவிட்டது. மற்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார்.

"அவ்வளவுதானா? அப்ப நாலு மாசத்துக்கு ஒருக்கா குடுத்துட்டாப் போச்சு. நாங்க என்ன செத்தா போயிட்டோம்? கூப்புடு கண்ணு டாக்டரை, இப்பவே எடுத்துக்கட்டும்."

பின்னால் நின்றவர்களும் கையைச் சுருட்டத் தொடங்கினார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஆசை தெரிந்தது. ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம், நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஊர் வந்து காப்பாற்றும் என்கிற ஆசை. இரண்டு விரலை வெட்டிய பிறகும் அந்த ஆசை போகவில்லை. அந்த ஆசை இருக்கிற வரைக்கும் மீதிக் கால் நிலைக்காது.

எனக்கு வந்த கோபத்தில் குரல் அந்த வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். "உங்க ரத்தம் இவருக்கு ஏறவே இல்லீங்க. ஒரு சொட்டுக் கூட ஏறலை. நீங்க வேன்ல வந்து சேர்றதுக்கு முன்னாலயே வேற யாரு ரத்தமோ ஏத்திட்டாங்க. உங்களது வேற யாருக்கோ போயிருச்சு. அன்னைக்கே நான் உங்ககிட்டச் சொன்னேனுங்க. இன்னும் எத்தனை ரத்தம் ஏத்துனாலும் சக்கரை போகாதுங்க. டெஸ்ட்டுல மட்டுந்தான் போகும். இவரு காலு போயிரும்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கு உடனே பதறியது. பயத்தை விழுங்கிக்கொண்டு கொடுத்தார்களே, ஆறு மாதமாக அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்களே, அதை நானே பிடுங்கிக்கொண்டேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மச்சாண்டார் மெதுவாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"அப்ப எங்க ரத்தம் யாருக்குப் போச்சு?" என்று கேட்டார்.

"தெரியலீங்க."

வேறு ஆறுதல் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் வாழைப்பழச் சீப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். யாரும் போகவில்லை.

மத்தியானச் சாப்பாடு வருகிற நேரம். அதற்கு முன்னால் ஊசி போட வேண்டும். நர்ஸ் எனக்குப் போடக் கற்றுக்கொடுத்திருந்தார். நான் மருந்தை ஏற்றிக்கொண்டு கட்டில் பக்கம் வந்தேன். இத்தனை பேர் முன்னால் அவர் போட விடமாட்டார் என்று தெரியும். திரை இருந்தது, நான் இழுக்கவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு, வயிற்றில் ஊசி போடுவதற்காகப் பனியனைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.